மாம்பழ லேபிளும் கன்ட்ரோல் ஆரும்

லேபிள், நோட்டீஸ் வடிவமைக்கும் கோரல் டிரா சாஃப்ட்வேரைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது. ஓசூரில் ஷிப்ட் வேலை, வீடு கிருஷ்ணகிரி. ஞாயிறு மட்டும்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார முடியும், அதிலும் பாதி நேரம் மெனு மெனுவாகத் தேடுவதிலேயே போய்விடும். நூறு ஷார்ட்கட் இருக்கும் பட்டியல் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை.

போன மாதம் காவேரிப்பட்டணம் சித்தப்பா போன் செய்தார். "டேய், பெட்டி மேல ஒட்ட லேபிள் போட்டுத் தர்றியா? செந்தூரா, அல்போன்சா ரெண்டுக்கும் வேணும்." 12க்கு 18 இன்ச் ஷீட்டில் இரண்டே முக்கால் இன்ச் சதுரமாக 24 லேபிள். முதல் ஞாயிறு காப்பி, பேஸ்ட், கண்ணால் பார்த்து நகர்த்துவது என்று ஒரு மணி நேரம். ஜூம் பண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு தினுசு, இதை எப்படிக் கட்டிங் போடுவது?

பிரஸ்ஸில் வேலை செய்யும் தம்பி ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். லேபிளைப் பிடித்து, கன்ட்ரோலை அழுத்தியபடி வலப்பக்கம் இழுத்து, விடுவதற்கு முன் ரைட் கிளிக். அசல் அங்கேயே இருக்கும், நகல் இங்கே விழும், கன்ட்ரோல் பிடித்திருப்பதால் கோடும் மாறாது. கன்ட்ரோல் ஆர் என்பது கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். அதை இரண்டு முறை தட்டினால் அதே இடைவெளியில் நான்கு லேபிள் வரிசை. வரிசை முழுவதையும் செலக்ட் செய்து அதேபோல் கீழே ஒரு நகல், கன்ட்ரோல் ஆர் நான்கு முறை, ஆறு வரிசை. கன்ட்ரோல் ஜி போட்டு குரூப் செய்து பி எழுத்தைத் தட்டினால் மொத்தமும் பக்கத்தின் நடுவில் போய் உட்காரும். இரண்டு நிமிடம் ஆகவில்லை. என் ஒரு மணி நேரத்தை நினைத்துக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

சி, இ என்று ஒற்றை எழுத்தைத் தட்டி, பல பொருள்களின் நடுவை ஒரே நேராக அலைன் செய்வதும் அன்றே பிடிபட்டது. ஷிப்ட் பிடித்து ஒவ்வொன்றாகச் செலக்ட் செய்தால் கடைசியாகத் தொட்டது அப்படியே நிற்கும், மற்றவை அதற்கு நேராக வரும். இது தெரியாமல் எத்தனை முறை லோகோ இடம் மாறிப்போய் அன்டூ போட்டிருக்கிறேன்! எஃப்4 தட்டினால் வரைந்ததெல்லாம் திரைக்குள் வந்துவிடும், அது ஒன்றுக்கே தினமும் நன்றி சொல்லலாம்.

சொதப்பியதும் உண்டு. பிரஸ் கம்ப்யூட்டரில் என் ஃபான்ட் இருக்காது என்று கன்ட்ரோல் கியூ போட்டு எழுத்தை எல்லாம் கர்வ், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைபடமாக ஆக்கினேன், சரி. ஆனால் அதே ஃபைலிலேயே சேவ் செய்துவிட்டேன். மறுநாள் சித்தி பார்த்துவிட்டு, "செந்தூராவுக்குத் துணைக்கால் எங்கடா, 'செந்தூர'ன்னு இருக்கு" என்றார். எழுத்து எழுத்தாக இல்லை, வெறும் வடிவம், திருத்த வழியே இல்லை. முழுசாகத் திரும்பச் செய்தேன். இப்போது முதலில் கன்ட்ரோல் ஷிப்ட் எஸ் போட்டு வேறு பெயரில் சேவ், பெயரின் முடிவில் 'கர்வ்', அப்புறம்தான் கன்ட்ரோல் கியூ.

வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோட் தமிழ், பழைய முறையில் அமைந்த பாமினி ஃபான்ட்டில் அப்படியே வராது. அதற்காக மறுபடி டைப் அடிப்பதையும் நிறுத்திவிட்டேன், எழுத்துமுறையை மாற்றித் தரும் என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு எடுத்தால் போதும். சுவரில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டு, வாரம் ஒன்று என்று மானிட்டர் ஓரத்தில் சின்னச் சீட்டு ஒட்டுகிறேன். இந்த வாரச் சீட்டில், படத்தை ஒரு வடிவத்துக்குள் அடக்கும் பவர்கிளிப். சித்தப்பா பெங்களூராவுக்கும் லேபிள் கேட்டிருக்கிறார், உள்ளே மாம்பழப் படம் வேண்டுமாம்.