கொள்ளு வேகும் வாசனை

ஜனவரி 11, 2025, சனி

காலை ஆறரைக்குப் பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்பினோம். யஷ்வந்த்பூர் தாண்டி, பீன்யா மேம்பாலம் ஏறி இறங்கி, நெலமங்கலத்தில் இடது கைப்பக்கம் ஹாசன் சாலையில் திரும்பியதும் காற்றே மாறிவிட்டது. சோலூர் பக்கம் தட்டு இட்லி, காபி. ஹாசன், பேலூர், சக்லேஷ்புரம் என்று பத்து நாள் பயணம். முதல் இரண்டு ராத்திரி மட்டும் குணிகலுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைத் தோட்டத்தில் தங்கல். மகள் பார்த்துப் பிடித்துக் கொடுத்த இடம். "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ச் சும்மா உட்காருங்கம்மா" என்றாள்.

தென்னை, மா, நடுவில் மூங்கில் வேலி போட்ட மைதானம். ஆறு குதிரைகள். தங்க வருகிறவர்களுக்கு ஓட்டு வீடாக இரண்டு அறைகள். தோட்டக்காரம்மா கன்னடக்காரர், அதிகம் பேசுவதில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற சைஸ் பெரியவருக்குக் கிருஷ்ணகிரி சொந்த ஊர். பெங்களூர் ரேஸ் கோர்ஸில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் பாய்.

நான் இறங்கியதுமே வேலியோரம் போய் நின்றுகொண்டேன். இவர் வரவில்லை. திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓட்டிய களைப்பு என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கொள்ளு வேகுது" என்றார்.

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. லாயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், மூன்று கல் அடுப்பின்மேல் பெரிய அலுமினிய அண்டா. பாய் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். கொள்ளுதான்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. மாமனார் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரிதான் தெரியும். நான் இந்தக் குடும்பத்துக்கு வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். வண்டியைப் பற்றியோ குதிரையைப் பற்றியோ இவர் ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இங்கே விடிவது குளம்புச் சத்தத்தில்தான். மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே லாயத்துக்குப் போனேன். பாய் ஒவ்வொரு குதிரையாகப் பழக்கிவைத்தார். எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது லட்சுமி. அடர் பழுப்பு உடம்பு, கருப்புப் பிடரி. பெங்களூரில் ஓடிய பந்தயக் குதிரை. ஓட்டம் முடிந்து நாலு குட்டி போட்டு, இப்போது ஓய்வில் இருக்கிறாள். உயரம் 15 கை 2 அங்குலம். குதிரைக்கு ஒரு கை என்றால் நாலு அங்குலம், அளப்பது தலைவரைக்கும் இல்லை, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைக்கும்தான். அப்படியே என் மூக்கு உயரம் வந்துவிடுகிறது.

"வயசு என்ன பாய்?"

"பத்து நாள் முன்னாடி பத்தொம்பது முடிஞ்சுதும்மா. இந்த ஊர்ல ரேஸ் குதிரைக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுதான் பொறந்த நாள். எந்த மாசத்துல பொறந்தாலும் அன்னைக்குத்தான் ஒரு வயசு ஏறும்."

நேராக முகத்துக்கு எதிரே போகக்கூடாது, வாலுக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது மட்டும் தெரியாது. அதனால் தோள்பட்டைப் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கே மனசு இருக்கிறது. இரண்டு காதும் பின்னால் படிந்துவிட்டால் நாம் விலகிவிடவேண்டும்.

நான் கழுத்தில் கைவைத்தேன். தோல் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. உள்ளே இருந்து வந்த சூடு உள்ளங்கை முழுக்கப் பரவியது.

இவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. பாய் குளம்பு சுத்தம் பண்ணக் குனிந்தபோது, "நான் பார்க்கட்டுமா பாய்?" என்று கேட்டார். பாய் ஒரு நிமிஷம் இவரைப் பார்த்துவிட்டு இரும்புக் கொக்கியைக் கையில் கொடுத்தார். இவர் லட்சுமியின் வால் பக்கம் முகம் வைத்து நின்று, தோளிலிருந்து முன்னங்காலின் பின்பக்கமாகக் கையை வழித்துக் கொண்டுபோய், கணுக்காலுக்கு மேல் லேசாக அழுத்தினார். அவள் காலைத் தூக்கி இவர் கையில் கொடுத்துவிட்டாள். குதிகாலிலிருந்து நுனியை நோக்கி மண்ணைச் சுரண்டி எடுத்தார். குளம்பு நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது, அதன்மேல் கொக்கி படவே இல்லை. பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"அழுகல் இல்ல. நல்லா வெச்சிருக்கீங்க."

பாய் சிரித்தார். "பழகின கை சார் இது."

"எங்க அப்பா ஜட்கா ஓட்டினாரு. கண்டோன்மென்ட் ஸ்டேஷன்."

அதற்குப் பிறகு நான் நகரவில்லை. குதிரையின் பெயர் முத்து. வெள்ளை, நெற்றியில் ஒரு கருப்புப் பொட்டு. பள்ளிக்கூடம் போவதற்கு முன் முத்துவைக் கழுவுவது, ராத்திரி கொள்ளு ஊறப்போடுவது எல்லாம் இவருடைய வேலை. வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் போடுவாராம் மாமனார். ஏறுகிறவர்களிடம் "முன்னாடி நகருங்க சாமி, பாரம் பின்னாடி போவுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். பின்பக்கம் கனத்தால் நுகக்கால் மேலே தூக்கிக் குதிரையின் வயிற்றுப் பட்டையை இழுக்கும். இறக்கம் வந்தால் சவுக்குக் கட்டையைச் சக்கரத்து ஆரத்தில் வைத்துக் கடகடவென்று சத்தம் எழுப்புவாராம், தெருவில் போகிறவர்கள் விலக. ஆட்டோ பெருகிப்போய் ஸ்டேஷனில் சவாரி கிடைக்காமல் ஆனதும், 1979இல் முத்துவை ஆம்பூர்ப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இவருக்கு அப்போது வயது பதிமூன்று.

இதெல்லாம் பாயிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு வருத்தமில்லை. குதிரையைத் தொட்டுக்கொண்டிருப்பவரிடம் சொல்கிற கதை அது.

ஜனவரி 13, திங்கள், போகி

இன்றைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். காலையில் காபி குடித்துக்கொண்டே, "பேலூர் கோயில் எங்கேயும் போயிடாது" என்றார். ஹாசன் லாட்ஜுக்குப் போன் பண்ணித் தள்ளிப் போட்டோம்.

பத்து மணிக்குக் குணிகல் போனோம். கடைத்தெரு முழுக்கக் கரும்பும் அவரைக்காயும். ஊரை ஒட்டியே பழைய குதிரைப் பண்ணை இருக்கிறது. திப்பு சுல்தான் தன் குதிரைப்படைக்குக் குதிரை வளர்த்த இடம். பின்னால் மைசூர் அரசாங்கத்திடம் இருந்து, பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணையாக மாறியது. உள்ளே போகவில்லை. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பார்த்தோம். பழைய மரங்கள், பசும்புல், தூரத்தில் தாய்களும் குட்டிகளும். குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். குட்டி பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். ஓடித் தப்பிக்கிற பிராணி, அதற்குத் தவழ்கிற காலம் என்று ஒன்று கிடையாது.

நம் தமிழ்நாட்டு மண்ணில் நல்ல குதிரை வளர்ந்ததில்லை, கடல் தாண்டித்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கியது, பிறகு அரபு வணிகர்கள் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குதிரை வாங்கப் போன மந்திரி, அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு நின்ற கதைதானே மாணிக்கவாசகர் கதை. நரி பரியானதும், ராத்திரியில் பரி மறுபடி நரியானதும் சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். குதிரை அவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்ததால்தான் அந்தக் கதையே அப்படி அமைந்தது என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

திருவாதிரை. இனிப்புக் களி கிண்ட வழியில்லை. ராத்திரி தோட்டக்காரம்மா ராகிக் களியும் பிதுக்கின அவரைப் பருப்புக் குழம்பும் போட்டார். வேலூர்ப் பக்கத்துச் சமையலுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, இவர் மூன்றாவது உருண்டை கேட்டார்.

பௌர்ணமி நிலா. பதினொரு மணிக்கு வெளியே வந்தபோது, மைதானத்தில் லட்சுமி தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். எனக்குப் பகீரென்றது. இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணுமில்ல. தூங்குது. அதோ பாரு, ஒண்ணு நிக்குது." உண்மைதான், பக்கத்தில் இன்னொரு குதிரை காவல் மாதிரி நின்றது. பின்னங்கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணயர்வதுதான் குதிரையின் பெரும்பாலான தூக்கம். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆகவேண்டும், அதுவும் பயமில்லாத இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம். லட்சுமி எழுந்திருக்கும்வரை இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சால்வைதான் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

தோட்டக்காரம்மா தட்டு நிறைய எள்ளு பெல்லா கொண்டுவந்தார். வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை, ஓரத்தில் ஒரு துண்டு கரும்பு. "எள்ளு பெல்ல திந்து ஒள்ளே மாத்தாடி" என்று சொல்லிக் கொடுத்தார். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல வார்த்தை பேசுங்கள். நான் அவர் அடுப்பில் சின்னப் பானை வைத்துப் பொங்கல் வைத்தேன். பொங்கி வழிந்தபோது பாயும் சேர்ந்து குரல் கொடுத்தார்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதைப் பாயிடம் சொன்னேன். "லட்சுமிக்கு அது சரிப்படாதும்மா, இளைச்சிருந்தாலும் கொள்ளுதான்" என்றார். ஆனாலும் கொள்ளு ஒரு கை அளவுதானாம், வயிறு நிறைவது புல்லாலும் குதிரைமசாலாலும்தான். உடம்பு அவ்வளவு பெரிசு, இரைப்பை சின்னது. வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் குதிரைக்கு வயிற்று வலி வந்தால் உயிர் பயம். பாய் ராத்திரியில் ஒவ்வொன்றின் வயிற்றிலும் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்பதை இரண்டு நாளாகப் பார்க்கிறேன். சத்தம் இருந்தால் நிம்மதி.

சாயங்காலம் பக்கத்து ஊரில் மாடுகளைத் தீ தாண்டவிடும் நேரம். கொம்பில் பலூன், கழுத்தில் சாமந்தி மாலை, மஞ்சள் பூசிய ஹள்ளிகார் காளைகள். வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தி ஓட்டுவார்கள். பார்க்கப் போகலாம் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். இவர், "நீ பாய் சம்சாரத்தோட போய்ட்டு வா. காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றார்.

நான் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். லாயத்தில் மேல்கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். அப்படியும் புகை வாசனை உள்ளே வந்துவிட்டது. தப்பட்டைச் சத்தம் வேறு. லட்சுமி அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள், மூக்கு விரிந்து உள்பக்கச் சிவப்பு தெரிந்தது. பாய் அடுத்த அறையில் குட்டியோடு இருந்தார். இவர் லட்சுமியின் தோளோரம் நின்று, பல்லிடுக்கில் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ச்சு… ச்சு… ச்சூ…" கடைசியில் இழுத்து இறக்குகிற மாதிரி. இருபத்தாறு வருஷத்தில் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மகளைத் தூங்க வைத்தபோதுகூட இல்லை.

அரை மணி நேரம் ஆனது. லட்சுமியின் கழுத்து மெல்ல இறங்கியது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தலையைக் கொண்டுவந்து இவர் மார்பில் முட்டக் கொடுத்தாள். இவர் முகத்தை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று முத்துவுக்கும் பொட்டு வைத்து ஒரு இலையில் பொங்கல் வைப்பார்களாம். லட்சுமிக்கும் வைக்கலாமா என்று இவர் கேட்டதும் பாய் தலையாட்டி மறுத்துவிட்டார். "சோறு வேணாம் சார். வெல்லம் ஒரு துண்டு, ரெண்டு கேரட், போதும்." பாண்டிய நாட்டில் குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லை, வாங்கி வந்த குதிரைகள் ஒரு வருஷம்கூடத் தங்குவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருப்பது நினைவுக்கு வந்தது. கடல் தாண்டி வந்து, ஆசையோடு போட்ட சோற்றால் செத்த அந்தக் குதிரைகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

லட்சுமியை இரண்டு பேருமாகக் குளிப்பாட்டினோம். காலில் தொடங்கி மேலே போகவேண்டும், எடுத்தவுடன் முதுகில் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது. குளித்து முடித்ததும் நேராக மண்ணுக்குப் போய்ப் புரண்டாள். வெல்லத்தை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். உதடு மட்டும் பட்டது, பல் படவில்லை.

ஜனவரி 16, வியாழன்

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். பாய் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லட்சுமி மேய்ந்துகொண்டிருந்தாள், ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.

யெடியூர் சித்தலிங்கேஸ்வரர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். வெளியே மரத்தடியில் நின்று இவர் ஆரணியில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டார். பொங்கல் வாழ்த்து, மூட்டு வலி, பேரன் பரீட்சை என்று போனது. பிறகு கேட்டார்.

"அக்கா, நம்ம முத்துவுக்கு நெத்தியில கருப்புப் பொட்டு இருந்துச்சில்ல?"

ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

"நெத்தியிலயா? இல்லடா. பின்னங்கால்ல. வலது கால், குளம்புக்கு மேல. அழுக்குன்னு நெனச்சு நீதானடா தினம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவ."