இரண்டு 9 வோல்ட் பேட்டரி

என் ரெக்கார்ட் பிளேயருக்கு டெனான் டிஎல்-103 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவான மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியோடு சேர்ந்து குட்டிக் கம்பிச்சுருள் அசைந்து சிக்னல் தரும் தலைப்பகுதி. அதிலிருந்து வரும் சிக்னல் வெறும் 0.3 மில்லிவோல்ட்! சுருளுக்குப் பதில் காந்தம் அசையும் சாதாரண மூவிங் மேக்னட் வகை 3 முதல் 5 வரை தரும். அதனால் ஃபோனோ ஸ்டேஜுக்கு (கார்ட்ரிட்ஜ் சிக்னலைப் பெருக்கும் பகுதி) முன்னால் பத்து மடங்காவது பெருக்கித் தர இன்னொரு சின்ன ஆம்ப் வேண்டும். இவ்வளவு நாளும் கரன்ட்டில் ஓடும் ஒன்றை வைத்திருந்தேன். பாட்டு தொடங்கும் முன்பே அந்த 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வந்துவிடும். எர்த் வயரை எங்கெங்கோ மாற்றிக் கட்டியும் போகவில்லை.

நேற்று அதை எடுத்துவிட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப் பெட்டியை மாட்டினேன். ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வால்யூமைத் திருகினால், லேசான 'ஸ்ஸ்' மட்டும்தான். சரி என்று ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டேன். மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து மறையும் கடைசி நுனி வரை கேட்டது. முன்பெல்லாம் அதை அந்த 'ம்ம்ம்' தின்றுவிடும். பேஸ் கொஞ்சம் மெலிந்த மாதிரி தோன்றியது, அது என் காதாகவும் இருக்கலாம்.

அப்புறம், அணைக்க மறந்து தூங்கிப்போனேன். காலையில் இரண்டு பேட்டரியும் காலி. இனி மளிகை லிஸ்டில் இதையும் சேர்க்கணுமா என்கிறாள் மனைவி.