லயத்துச் சாவியைக் கொடுக்கும் முன்

கேரளத்தில் பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் என் அம்மா. 58 வயதில் ஓய்வு பெற்றதும் எஸ்டேட் ஆபீசில் சொன்ன முதல் வார்த்தை, "லயத்தைக் காலி பண்ணினால்தான் கிராஜுவிட்டி" என்பது. லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசை வீடு. முப்பது நாளுக்குள் கிராஜுவிட்டி தர வேண்டும் என்கிறது சட்டம். தோட்டங்களில் நடப்பதோ வேறு. 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருப்பவருக்குத்தான் வீடு தரச் சொன்னது, ஓய்வு பெற்றவரைப் பற்றிப் பேசவில்லை. காலி பண்ணினால் பணம், பணம் வந்தால்தான் போக ஒரு இடம். ஓடு உடைந்து ஒழுகும் லயத்திலேயே வருடக்கணக்காகக் காத்துக் கிடப்பவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு நாலு சென்ட் இடம் இருந்தது. பி.எஃப். பணத்தில் முன்பே வாங்கி, பத்திரமும் பதிந்திருந்தார். வீடில்லாதவர்களுக்கான கேரள அரசுத் திட்டமான லைஃப் மிஷனில் வீட்டுக்கு 4 லட்சம் கிடைக்கும் என்று பஞ்சாயத்துக்குப் போனோம். அம்மா பேர் அண்ணன் ரேஷன் கார்டில் இருக்கிறது, தனிக்குடும்பமாகக் கணக்கில் வராது, பட்டியலும் முடிந்துவிட்டது என்றார்கள். புதுப் பட்டியல் எப்போது என்று கேட்டால் பதில் இல்லை.

அப்புறம்தான் பக்கத்து லயத்து அக்கா வின்சென்ட் டி பால் சபையைப் பற்றிச் சொன்னார். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு அது. 1833இல் பாரிசில் சில மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. இங்கே பங்குக் கோயில்களில் சாதாரண ஆட்கள்தான் அதை நடத்துகிறார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நமக்குத் தருவார்களா என்று அம்மாவுக்குத் தயக்கம். இரண்டு பேர் லயத்துக்கே வந்து, உட்கார்ந்து டீ குடித்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எந்தச் சாமி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குத் தவணையாகப் பணம் தர ஒத்துக்கொண்டார்கள். கேட்டது மூன்றே காகிதம்: கரம் (நில வரி) கட்டிய ரசீது, இடம் நம் கைவசம் இருக்கிறது என்ற கைவசச் சான்று, வேறு வீடு இல்லை என்ற சான்று.

சிக்கலே அங்கேதான். "போக்குவரவு செய்திட்டில்லல்லோ அம்மே" என்றார் வில்லேஜ் ஆபீசில் இருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். போக்குவரவு என்றால் பட்டா மாற்றம் மாதிரி, வில்லேஜ் கணக்கில் பேர் மாற்றுவது; அதைச் செய்யவில்லையே என்கிறார். பத்திரம் அம்மா பேரில் இருக்கிறது, ஆனால் வில்லேஜ் கணக்கில் தண்டப்பேர், அதாவது வரி கட்டுபவராகப் பதிந்த பேர், இன்னும் பழைய சொந்தக்காரர் பேரிலேயே. அதனால் கரம் கட்ட முடியாது. கரம் ரசீது இல்லாமல் கைவசச் சான்று கிடையாது. கைவசச் சான்று இல்லாவிட்டால் பஞ்சாயத்தில் வீடு கட்டப் பெர்மிட்டும் கிடையாது. பத்திரம் பதிந்தாலே எல்லாம் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் ஏராளம். இடம் வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்த் தண்டப்பேர் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்.

போக்குவரவுக்கு அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் போட்ட மனு திரும்பி வந்தது. ஆதாரில் அம்மா பேரோடு அப்பா பேர், பத்திரத்தில் தாத்தாவின் முதலெழுத்து, ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஏறியபோது பேரே வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு 'ஒன் அண்ட் சேம்' சான்று வாங்க வேண்டும், அதற்கும் அதே ஆபீஸ். ஒரு நாள் ஆபீசர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார், இன்னொரு நாள் சர்வர் இல்லை. ஜீப்புக்குக் கொடுத்த காசையும் மழையில் நனைந்து நின்ற அம்மாவையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்தேன். 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்றார் வில்லேஜ் ஆபீசில் இருந்தவர். சட்டத்தைச் சொல்லி, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டேன். ரசீது கையில் வந்த பிறகுதான் மனு மேசையை விட்டு நகர்ந்தது. எந்த மனுவுக்கும் ரசீது இல்லாமல் அந்த வாசலை விட்டு இறங்காதீர்கள்.

இதற்குள் எஸ்டேட்டில் நெருக்கடி ஏறிவிட்டது, கரண்டைத் துண்டிப்போம் என்றார்கள். வீடு கட்டி முடிக்க எப்படியும் மாதக்கணக்காகும். சபைக்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் செய்த பெரிய உதவி இதுதான் என்பேன்: டவுனை ஒட்டி ஓர் அறை பார்த்து, அட்வான்சும் முதல் சில மாத வாடகையும் நேராக வீட்டுக்காரரிடமே கொடுத்தார்கள். வீட்டுக்குத் தருவதோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. அது இல்லாவிட்டால் அம்மா சாமான்களோடு ரோட்டில்தான் நின்றிருப்பார். உதவி கேட்கப் போகிறவர்கள் வீட்டை மட்டும் கேட்காதீர்கள், இடைப்பட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அறைச் சாவி கைக்கு வந்த பிறகுதான் லயத்துச் சாவியைக் கொடுத்தோம். சும்மா கொடுக்கவில்லை. யூனியன்காரரைக் கூட்டிப் போய், தேதி போட்டு, காலி செய்ததாக எழுதி, எஸ்டேட் சீல் வாங்கினோம். அந்தக் காகிதம் இல்லாமல் சாவியைக் கொடுத்த ஒருவரிடம், "நீ இன்னும் காலி பண்ணலை" என்று பிறகு சொன்னது எங்களுக்குத் தெரியும். அம்மாவின் கிராஜுவிட்டி செக் வந்தது. லேபர் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது தரை முடிந்து சுவர் லிண்டல் வரை நிற்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் போட்டோவும் பில்லும் காட்ட வேண்டும், சிமென்ட், கம்பி பில்லெல்லாம் அம்மா பேரிலேயே இருக்க வேண்டும், கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலை ஏற்றும் கூலி தனி, அதைக் கணக்கில் சேர்க்காமல் எஸ்டிமேட் போடாதீர்கள். கூரை வார்ப்புக்கான தவணை சபையின் அடுத்த கூட்டத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.