காமராஜர் காலக்கோடு: மூன்று கிராப் தாளில் 72 ஆண்டுகள்

காமராஜர் வாழ்க்கையைக் காலக்கோடாக வரைந்த முதல் வரைவு அளவிலேயே சறுக்கியது. 1903 முதல் 1975 வரை 73 கட்டம், ஆண்டுக்கு 1 செ.மீ. கட்டப் பகுதி 25 செ.மீ. நீளமுள்ள மூன்று தாள் என்றால் 75. ஆனால் இரண்டு ஒட்டுக்கும் ஒவ்வொரு செ.மீ. போய்விடுவதால் மிஞ்சுவது சரியாக 73. ஓரம் விட இடமே இல்லை. அதனால் 1920-க்கு முந்தைய 17 ஆண்டுகளை அரை அளவில் (8.5 செ.மீ.) போட்டாயிற்று. மொத்தம் 64.5 செ.மீ. அளவு மாறும் இடத்தில் கோட்டை முறித்துக் காட்டும் வெட்டுக்குறி கட்டாயம். ஒட்டுவதற்குப் பசைக்குச்சிதான் சரி, கோந்து தடவினால் தாள் சுருங்கும்.

நான்கு பட்டைகள்: சிறை, கட்சி, மன்றம் (சட்டமன்றம், மக்களவை), அரசு (முதலமைச்சர் பதவி). பட்டைக்கு 15 மி.மீ. உயரம், கலர் பென்சில். ஸ்கெட்ச் பேனா மை பக்கத்துப் பட்டைக்கு ஊறும்.

சிறைப் பட்டையில்தான் தவறு அதிகம். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930-இல் விதித்தது இரண்டு ஆண்டு. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931 மார்ச்சிலேயே விடுதலை. தீர்ப்பைப் பார்த்து 2 செ.மீ. தீட்டினால் பாதிக்கு மேல் பொய். 1941-இல் இன்னொரு சிக்கல்: வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வு. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ராஜினாமா. 1 மி.மீ. என்பது 36 நாள், ஆகவே இந்தப் பதவிக்கு ஒரு புள்ளிதான்.

அரசுப் பட்டை 13.4.1954-இல் தொடங்கி 2.10.1963-இல் முடிகிறது, ஏறக்குறைய 9.5 செ.மீ. மன்றப் பட்டையில் சட்டமன்ற நிறத்தை அதே கோட்டில் தொடங்கக் கூடாது. பதவியேற்றபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். குடியாத்தம் இடைத்தேர்தல் பிறகுதான் வந்தது. 1967-இல் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றதிலிருந்து 1969 நாகர்கோவில் இடைத்தேர்தல் வரை அந்தப் பட்டை வெற்றாகவே இருக்கட்டும். மாநிலப் பெயரிலும் கவனம்: 14.1.1969-க்கு முன் 'தமிழ்நாடு' என்று எழுதினால் பிழை.

1963 அக்டோபர் முதல் 1966 ஜனவரி வரை தனித்தாள் வேண்டும். நேரு மறைந்தது 27.5.1964, சாஸ்திரி பதவியேற்றது 9.6.1964: 13 நாள். சாஸ்திரி மறைந்தது 11.1.1966, இந்திரா பதவியேற்றது 24.1.1966: அதுவும் 13 நாள். காங்கிரஸ் தலைவராகக் காமராஜர் இரண்டு பிரதமர்களை முடிவுசெய்து கொடுத்த நாட்கள் இவை. பெரிய கோட்டில் 0.36 மி.மீ., பேனா முனையே விழுங்கிவிடும்! மாதத்துக்கு 8 மி.மீ. வைத்தால் 28 மாதம் 22.4 செ.மீ. ஆகி ஒரே தாளில் அடங்கும்; 13 நாளுக்கு 3.5 மி.மீ. கிடைக்கும். தேதியை நெடுக்காக எழுத அது போதும்.

கடைசித் தாளின் முடிவில் நெருக்கடி. 25.6.1975 அவசரநிலைக் கோட்டுக்கும் 2.10.1975 முடிவுக் கோட்டுக்கும் நடுவே 2.7 மி.மீ.தான். அவசரநிலைக் குறிப்பை மேலே, மறைவுக் குறிப்பைக் கீழே இழுத்துவிட்டால் எழுத்து மோதாது.