ரத வீதிகளும் மசூதித் தெருவும்

இராமேசுவரம் வருவோரில் பலர் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றி, ராமநாத சுவாமியையும் பர்வதவர்த்தினி அம்மனையும் சேவித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளிலும் நிதானமாக நடந்தால்தான் இந்த யாத்திரை நிறைவு பெறும் என்பது என் எண்ணம்.

விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம் முடித்து, 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தை வலம் வந்தேன். அதைக் கட்டி முடித்த முத்துராமலிங்க சேதுபதியின் சிலை மேற்கு வாயிலருகே இருக்கிறது. அதை நின்று பார்ப்பவர்கள்தான் குறைவு. வெளியே வந்தால், தீர்த்தமாடியவர்களின் வேட்டி சேலைகளிலிருந்து சொட்டிய நீர் சன்னதித் தெருவின் சங்குக் கடைகள் வரை தரையை நனைத்திருக்கிறது. வலம்புரி என்று சொல்லி அங்கே விற்கப்படும் சங்குகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாதிருப்பதே நல்லது.

சேதுவில் எடுத்த மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முற்றுப்பெறும் என்பது மரபு. இவ்வீதிகளில் வடநாட்டார் சத்திரங்கள் நிறைந்திருப்பதற்கும், பூ விற்கும் பெண்மணி கூட இந்தியில் விலை சொல்வதற்கும் அந்த மரபே காரணம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும் வரை, எவ்வளவு பெரிய பக்தராயினும் படகேறித்தான் இத்தீவை அடைய முடிந்தது. ஆகவே கோயிலின் வாழ்வு தொடக்கம் முதலே கடலோடிகளின் கையையும் நம்பியிருந்தது.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள மசூதித் தெருவுக்குப் போனபோது இது இன்னும் தெளிவாக விளங்கிற்று. சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வீட்டில்தான், 1931இல் பிறந்த அப்துல் கலாம் வளர்ந்தார். அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்குப் படகில் ஏற்றிச் சென்றவர். கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளின் நெருங்கிய நண்பர். இதை மேடைப் பேச்சுக்குரிய நல்லிணக்கமாக மட்டும் பார்ப்பது இத்தெருவைக் குறைத்து மதிப்பதாகும். ஆண்டுதோறும் சீதா ராம கல்யாணத்தின்போது உற்சவ மூர்த்திகளை ராமர் தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்கு எழுந்தருளச் செய்வதற்கு, தனி மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்தது அந்தக் குடும்பம்தான்.