பொன்னியின் செல்வன்: 293 அத்தியாயம், 98 நாள்

கல்கியின் இந்த நாவலைப் படித்து முடிக்க நாளுக்கு மூன்று அத்தியாயம், அவ்வளவுதான் கணக்கு. ஆடிப் பதினெட்டன்று எடுத்தால் ஐப்பசி மழையில் முடியும். கதை தொடங்குவதும் ஆடிப் பதினெட்டில்தான், வீராணம் ஏரிக்கரையில். பவானி கூடுதுறைக்குப் போய் வந்த ஈரத்தலையோடு முதல் பக்கத்தைப் பிரிப்பதில் ஒரு சுகம் உண்டுங்க.

ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவும் அதை ஒட்டியே வரும். நாட்டுடைமையான நூல் என்பதால் பதிப்புகள் ஏராளம். ஐந்து பாகமும் ஒரே கட்டாக வருவது அலமாரிக்கு அழகு, கைக்கு ஆகாது. படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு கடுக்கும், புத்தகத்தின் முதுகுத் தையலும் விட்டுப்போகும். தனித்தனிப் பாகமே மேல். கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்க. எழுத்து மடிப்புக்குள் போய் ஒளிந்தால் வாங்க வேண்டாம்.

1 முதல் 19ஆம் நாள் வரை, முதல் பாகமான புது வெள்ளம், 57 அத்தியாயம். பாதியில் மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மூடுகிறார்கள். காரணம் பெயர்கள். ஆழ்வார்க்கடியானும் திருமலையும் ஒரே ஆள். சின்னப் பழுவேட்டரையர்தான் காலாந்தக கண்டர். இளைய பிராட்டி என்றால் குந்தவை. இதற்கு மருந்து, பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு வம்சப் படம். உச்சியில் முதலாம் பராந்தகர். கீழே மூன்று கோடு: இராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். இராஜாதித்தர் தக்கோலத்தில் யானை மேலேயே மடிந்தவர், அந்தக் கோடு அங்கேயே நிற்கட்டும். கண்டராதித்தருக்குக் கீழே மதுராந்தகன். அரிஞ்சயருக்குக் கீழே சுந்தர சோழர், அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. பட்டம் யாருக்கு என்ற இழுபறி முழுவதும் இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவில்தான். கல்கி கதையை நிறுத்திச் சரித்திரம் பேசும் பக்கங்களைத் தாண்டிப் போனால் இது பிடிபடாது.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்து ஆட்களுக்கென்றே வருவது. பவானியிலும் கொடுமுடியிலும் காவிரி பாறைக்கு நடுவே ஒரே ஆறாகப் போகும். கதையில் வருவதோ கிளை கிளையாகப் பிரிந்த காவிரி: கொள்ளிடம், குடமுருட்டி, அரிசிலாறு. போதாததற்கு வடவாறு இரண்டு. வீராணத்துக்குக் கொள்ளிடத்துத் தண்ணீர் கொண்டுவருவது ஒன்று, தஞ்சாவூரை ஒட்டி ஓடுவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் கதாநாயகன் வந்தியத்தேவன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் தோன்றும். தஞ்சைப் பகுதி வரைபடம் ஒன்றைப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைப்பது நல்லது.

37ஆம் நாளில் இரண்டாம் பாகமான சுழற்காற்று முடிய வேண்டும். கோடிக்கரை, கடல், ஈழம் என்று ஓடுவதில் நாளுக்கு எட்டு அத்தியாயம்கூடப் போய்விடும். வினையே அதுதான். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. அடுத்த வாரம் வரை ஆளைக் காக்கவைக்கத்தான் பல அத்தியாயங்களின் முடிவில் ஒரு கொக்கி. அங்கே நிறுத்த முயன்றால் நடக்காது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் போய் நிறுத்துங்க. பெரும்பாலும் இடம் மாறியிருக்கும், படபடப்பும் அடங்கியிருக்கும். ராத்திரி தூக்கம் கெடாது.

அடுத்த இரண்டு பாகங்களான கொலை வாளும் மணிமகுடமும் தலைக்கு 46 அத்தியாயம். பேச்சு அதிகம், வேகம் கொஞ்சம் குறையும். வேகமாக ஓடி வந்தவர்களுக்குச் சலிப்புத் தட்டுவது இங்கேதான்; மூன்று மூன்றாக வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே ருசிக்கும்.

கடைசிப் பாகமான தியாக சிகரம் மட்டும் 91, ஒரு மாதத்துக்கு ஆகும். அதன் கடைசியில் உள்ள முடிவுரையை முன்கூட்டிப் புரட்டிவிடாதீங்க. யார் என்ன ஆனார்கள் என்று அதில் கல்கியே சொல்லிவிடுகிறார்.