வழக்குப் போடலாமா, விட்டுவிடலாமா?

மார்ச் 3
குளியலறைத் தரை பாதி டைல்ஸோடு கிடக்கிறது. முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. வழக்குப் போடப் போகிறேன் என்றேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடப் போகுதுடா" என்றாள் அக்கா. இருக்கலாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் விடுவதாக இல்லை.

மார்ச் 5
சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றங்களைப் பற்றிப் படித்தேன். உச்சவரம்பு நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் பெரும்பாலான வழக்குகளுக்கு 10,000 பவுண்டு, சிங்கப்பூரில் 20,000 வெள்ளி. சிங்கப்பூரில் வக்கீல் ஆஜராகவே கூடாது. இங்கிலாந்தில் ஆஜராகலாம், ஆனால் ஜெயித்தாலும் வக்கீல் ஃபீஸ் பெரும்பாலும் நம் தலையில்தான். ஆகவே நானே பேசிக்கொள்கிறேன்.

மார்ச் 8
தாக்கல் கட்டணமும் சம்மன் செலவும் ஜெயித்தால் வழக்கமாகத் திரும்பிவிடும். லீவு போடும் நாளின் சம்பளம் முழுசாக வரும் என்று நம்ப முடியாது. தூக்கம் கெடுவதற்கு யாரும் ஈடு தரப்போவதில்லை.

மார்ச் 12
ரசீதை எடுத்துப் பார்த்தேன். மேலே நிறுவனத்தின் முத்திரை, கீழே அவர் கையெழுத்து. யார் மேல் வழக்கு? தீர்ப்பு யார் பெயரில் வருகிறதோ அவர்களிடம்தான் வசூலிக்க முடியும். அந்த வசூலும் நம் பாடு. எதிராளி கட்டாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி மறுபடி மனு, மறுபடி கட்டணம். வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருளை ஜப்தி செய்யலாம். அவரிடம் ஏதாவது இருந்தால்தானே? "நியாயம் உன் பக்கம்" என்று தைரியம் சொன்ன ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மார்ச் 15
நிறுவனங்களின் பதிவேட்டில் தேடினேன். நிறுவனம் இருக்கிறது, கலைக்கப்படவில்லை. நேற்று அவர்களுடைய வேன் வேறொரு வீட்டு வாசலில் நின்று சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. வேலை ஓடுகிறது, பணமும் புழங்குகிறது. எனக்கு இது போதும்.

மார்ச் 18
நிறுவனத்தின் பெயருக்கே பதிவுத் தபாலில் இறுதிக் கடிதம் போட்டேன். ரசீது நகல், தரையின் படங்கள், மீதி வேலைக்கு வேறொருவர் எழுதித் தந்த மதிப்பீடு, 14 நாள் கெடு. கேட்டிருப்பது முழுத் தொகை. முக்கால் பங்கு ஒரே தவணையில் வந்தால் சமாதானமாகப் போய்விடுவேன். லீவு, அலைச்சல், வசூல் எல்லாவற்றையும் கழித்தால் எனக்கு அவ்வளவுதான் மிஞ்சும். அதற்குக் கீழே பேரம் கிடையாது, அக்கா சொன்னாலும்.

ஏப்ரல் 1 வரை பார்ப்பேன். மறுநாள் காலை மனு தாக்கல்.